சக்கர வேக சென்சாருக்குப் பவரும் கிரவுண்டும்: எங்கிருந்து எடுப்பது, எங்கே சேர்ப்பது?

தனி இசியூவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டேட்டா லாகரோ (ஓட்டத்தின் அளவுகளைப் பதியும் கருவி) வைத்து, சக்கர வேக சென்சார்களுக்குச் சொந்தமாக வயரிங் போடுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு 12 வோல்ட் வயரைத்தான். மின்சாரம் திரும்பிப் போகும் பாதையான கிரவுண்டைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். பக்கத்தில் எந்த போல்ட் இருக்கிறதோ அதில் மாட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. பவர் தப்பாக இருந்தால் சென்சார் வேலையே செய்யாது, அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். கிரவுண்ட் தப்பாக இருந்தால் சென்சார் நன்றாக வேலை செய்வதுபோலவே இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும்போது மட்டும் ஒரு சக்கரத்தின் வேகம் தாவும், ஹெட்லைட்டைப் போட்டால் மட்டும் பல்ஸ் விட்டுப்போகும். அந்தத் தகவலை நம்பி, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜினின் சக்தியைக் குறைத்தால் அது ஆபத்தும் கூட.

எந்த வகை சென்சார்?

இது தெரியாமல் ஒப்பிடவே முடியாது. காரில் சக்கர வேகத்துக்கு மூன்று வகை புழங்குகின்றன.

முதலாவது, காந்தமும் சுருளும் மட்டுமே உள்ள விஆர் சென்சார். இதற்குப் பவர் தேவையில்லை. பல்சக்கரம் சுற்றும்போது தானே ஏசி மின்னழுத்தம் உண்டாக்கும். வண்டி ஊர்ந்தால் சில பத்து மில்லிவோல்ட், வேகம் கூடினால் பல வோல்ட். ஊர்ந்து போகும் வேகத்தில் சிக்னல் காணாமல் போவது இதன் பிறவிக் குணம்.

இரண்டாவது, காந்தப்புலத்தின் மாற்றத்தை உணரும் மூன்று வயர் ஹால் சென்சார்: பவர், கிரவுண்ட், சிக்னல். சிக்னல் வயர் பெரும்பாலும் ஓப்பன் கலெக்டர். அதாவது சென்சார் அந்த வயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும், அல்லது விட்டுவிடும். மேலே இழுத்துப் பிடிக்க, படிக்கும் பக்கத்தில் ஒரு புல்அப் ரெசிஸ்டர் வேண்டும்.

மூன்றாவது, இன்றைய ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டிகளில் பரவலாக இருக்கும் இரண்டு வயர் ஆக்டிவ் சென்சார். இதில் தனி சிக்னல் வயர் கிடையாது. சென்சார் இழுக்கும் மின்னோட்டமே சிக்னல்: ஒரு நிலையில் 7 மில்லி ஆம்பியர், மறு நிலையில் 14. சில வகைகளில் திசை போன்ற கூடுதல் தகவலும் வரும். அவற்றில் 28 மில்லி ஆம்பியர் பல்ஸும் உண்டு.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இரண்டே வயர் என்பதால் குழப்பம் வரும். பிரித்தறிய எளிய வழி: கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். மின்னழுத்தம் வந்தால் விஆர், வராவிட்டால் ஆக்டிவ். சுருளின் மின்தடையும் விஆரைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ ஓம் அளவில் இருக்கும், மீட்டர் முனைகளை மாற்றிப் பிடித்தாலும் அதே எண் வரும். ஆக்டிவ் வகையில் மின்தடையை அளப்பதால் எதுவும் தெரியாது, அதனால் அளக்க வேண்டாம்.

பவருக்கு நான்கு வழிகள்

நான்கு சென்சாரும் சேர்ந்து இழுப்பது பொதுவாக 100 மில்லி ஆம்பியருக்குள்தான். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை எந்த இடமும் தாராளமாகத் தரும். ஆகவே, ஓர் இடம் இந்தச் சுமையைத் தாங்குமா என்ற கேள்விக்கு இங்கே மதிப்பில்லை. வீல் ஆர்ச்சுக்குள் அந்த வயர் உராய்ந்து பாடியைத் தொட்டால் வேறு எதெல்லாம் சேர்ந்து செத்துப்போகும் என்று கேளுங்கள். கல்லும் சேறும் தண்ணீரும் அடிக்கும் இடம் அது, சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் ஓயாமல் அசைக்கும் இடம். வண்டியிலேயே மிகவும் அடிபடும் வயர் இதுவாகத்தான் இருக்கும். அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் அது தனியாகச் சாகும்படி வைக்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் இன்ஜின் இசியூவின் 5 வோல்ட் சென்சார் சப்ளை உடனே தகுதி இழக்கிறது. பலருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். சுத்தமான மின்னழுத்தம், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, ஹார்னஸில் வயரும் தயாராக இருக்கிறது. ஆனால் அதே 5 வோல்ட்டில்தான் த்ராட்டில் பொசிஷன் சென்சாரும், மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரும், பல வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரும் நிற்கின்றன. பின்சக்கரத்தில் ஒரு வயர் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமும் கீழே விழும், ஓடுகிற வண்டியில் இன்ஜின் தடுமாறும் அல்லது நிற்கும். வேகம் அளக்க வந்த வயர் இன்ஜினை நிறுத்துவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. சில தனி இசியூக்களில் இரண்டு தனித்தனி 5 வோல்ட் அவுட்புட் இருக்கும். உள்ளே அவை உண்மையிலேயே தனி ரெகுலேட்டர்கள் என்று கையேடு சொன்னால் மட்டும், இன்ஜின் சென்சார் எதுவும் இல்லாத அவுட்புட்டைப் பயன்படுத்தலாம்.

இரண்டு வயர் ஆக்டிவ் சென்சாருக்கு 5 வோல்ட் கணக்கிலேயே போதாது. சிக்னலைப் படிக்க 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 14 மில்லி ஆம்பியரில் அதுவே 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3.6 வோல்ட். இந்தச் சென்சார்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது நாலரை வோல்ட் அளவு.

பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் இருக்கும் 12 வோல்ட் இரண்டாவது வழி. இதையும் தள்ளிவிடலாம். ஒரு சென்சாருக்கு 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் நான்குக்கு 40. ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் மணி. வண்டி இரண்டு வாரம் நின்றால் 13 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். சிறிய கார் பேட்டரிக்கு இது வலிக்கும் அளவு.

மூன்றாவது, சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட். ஹால் வகைக்கும் ஆக்டிவ் வகைக்கும் நடைமுறையில் இதுவே பெரும்பாலோருக்குச் சரியான தேர்வு. நிபந்தனைகள் உண்டு. இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், ஃபியூவல் பம்ப், ஹார்ன் போகும் லைனிலிருந்து எடுக்கக் கூடாது. காயில் உள்ள எந்தப் பொருளும் அணையும்போது மின்னழுத்த உதைப்பைத் திருப்பி அனுப்பும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து, மூலத்துக்குப் பக்கத்திலேயே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துத் தனி லைனாக எடுங்கள். சென்சாருக்கும் அதைப் படிக்கும் கருவிக்கும் ஒரே ரிலேயிலிருந்து பவர் போகட்டும். கருவி அணைந்திருக்கும்போது சென்சார் மட்டும் உயிரோடு இருந்தால், சிக்னல் வயர் வழியாக மின்சாரம் கருவிக்குள் பின்வழியாக நுழையலாம்; சில கருவிகள் இதனால் பாதி விழித்த நிலையில் மாட்டிக்கொள்ளும்.

ஒரே ஃபியூஸ் என்பதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு சக்கரத்தில் ஷார்ட் ஆனால் நான்கு சக்கரத் தகவலும் போய்விடும். வெறும் லாகருக்கு இது பெரிய இழப்பல்ல. டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்குப் பயன்படுத்தினால், ஃபியூஸுக்குப் பிறகு ஒவ்வொரு சென்சார் லைனிலும் 100 மில்லி ஆம்பியர் அளவில் தானே மீளும் பாலிஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஷார்ட் ஆன சக்கரம் மட்டும் விலகிக்கொள்ளும், மற்ற மூன்றும் ஓடும். இந்தச் சிறிய பாகத்தைச் சேர்க்கச் சோம்பல்படவே கூடாது.

12 வோல்ட் என்று பெயர்தான், ஓடும் வண்டியில் அது 14 வோல்ட்டைச் சுற்றி ஆடும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் வரும் எழுச்சிக்கு ஐஎஸ்ஓ 16750-2 தரம் வைத்திருக்கும் சோதனை, தடுப்பு இல்லாத ஆல்டர்னேட்டருக்கு 79 முதல் 101 வோல்ட் வரை போகிறது. உள்ளேயே தடுப்பு உள்ளவற்றுக்கு 35 வோல்ட். காருக்கென்றே செய்த சென்சார்கள் இப்படிப்பட்டவற்றை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குக்காக விற்கும் வெறும் ஹால் சிப்பை நேராக இந்த லைனில் போட்டால் நெடுநாள் நிற்காது. எழுச்சியைத் தன் வழியே இறக்கிவிடும் டிவிஎஸ் டயோடு ஒன்று லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இருக்கட்டும்.

நான்காவது, படிக்கும் கருவியே தரும் சென்சார் சப்ளை. நல்ல லாகர்களிலும் தனி ஏபிஎஸ் கண்ட்ரோலர்களிலும் இது இருக்கும். மின்னோட்ட வரம்பும் எழுச்சித் தடுப்பும் உள்ளேயே இருக்கும், அணைவதும் விழிப்பதும் ஒன்றாக நடக்கும். இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். சென்சாருக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிரவுண்ட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பாடியில் ஒரு போல்ட்டைப் பிடித்து கிரவுண்ட் மாட்டினால் வயர் மிச்சம், வேலை மிச்சம். பாடி முழுவதும் இரும்பு, எங்கே மாட்டினாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இரும்பு ஒன்றுதான், அதன் மின்னழுத்தம் ஒன்றல்ல. வண்டியின் ஒவ்வொரு விளக்கும் மோட்டாரும் திருப்பி அனுப்பும் மின்னோட்டம் அந்தப் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 37 மில்லி ஓம். 5 மீட்டருக்கு 0.185 ஓம். அதில் சென்சாரின் 14 மில்லி ஆம்பியர் போனால் இழப்பு இரண்டரை மில்லிவோல்ட் அளவு. ஒன்றுமே இல்லை. ஆகவே கிரவுண்ட் வயர் நீளமாகப் போகிறதே என்ற கவலை வேண்டாம். இப்போது மறுபக்கம்: ரேடியேட்டர் ஃபேன் 20 ஆம்பியர் இழுக்கிறது, அதன் கிரவுண்ட் போல்ட் கொஞ்சம் துருப்பிடித்து 20 மில்லி ஓம் காட்டுகிறது. அந்த போல்ட்டில் 0.4 வோல்ட் எழும். அதே போல்ட்டில் உங்கள் சென்சாரின் கிரவுண்டையும் மாட்டியிருந்தால், ஃபேன் சுற்றும்போதெல்லாம் சென்சாரின் அடித்தளமே 0.4 வோல்ட் உயர்ந்து நிற்கும்.

ஹால் சென்சார் சிக்னலைக் கீழே இழுத்தாலும் அதன் அவுட்புட்டில் சில நூறு மில்லிவோல்ட் மிச்சம் இருக்கும், 0.2 முதல் 0.4 வோல்ட் வரை சாதாரணம். அதோடு இந்த 0.4 சேர்ந்தால், படிக்கும் கருவிக்கு 0.8 வோல்ட் தெரியும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் ‘கீழ்நிலை’ என்று எடுத்துக்கொள்ளும் இன்புட்டாக அது இருந்தால், பல்ஸ் சில நேரம் பதிவாகும், சில நேரம் ஆகாது. சென்சாரைக் கழற்றிச் சோதித்தால் குறையே தெரியாது. சென்சாரை மாற்றுவார்கள், குறை அப்படியே இருக்கும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் பாய்வதால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் முன்பக்கச் சுமைகள் பாடியின் முழு நீளத்தையும் திரும்பும் பாதையாகப் பயன்படுத்தினால், முன் சக்கரத்துப் பாடிக்கும் பின் சக்கரத்துப் பாடிக்குமே மின்னழுத்த வேறுபாடு வரும்.

அடுத்த வழி, கேபினுக்குள் ஒரே போல்ட்டில் நான்கு சென்சார் கிரவுண்டையும் சேர்ப்பது. வீல் ஆர்ச்சைவிட உலர்ந்த இடம், நான்குக்கும் ஒரே அடித்தளம். கருவியின் கிரவுண்டும் அதே போல்ட்டில் இருந்து, வேறு கனமான சுமை எதுவும் அங்கே இல்லையென்றால் இது நன்றாகவே வேலை செய்யும். அப்படி இருக்கிறதா என்பதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும். அடுத்த முறை யாரோ ஆம்ப்ளிஃபையர் மாட்டும்போது அதே போல்ட்டைத் தேர்ந்தெடுக்கவும் கூடும்.

நான் எப்போதும் சொல்லும் வழி மூன்றாவது. சென்சாரின் கிரவுண்ட் வயர் பாடியை எங்குமே தொடாமல், படிக்கும் கருவியின் சென்சார் கிரவுண்ட் பின்னுக்கே திரும்ப வர வேண்டும். சிக்னலை யார் படிக்கிறார்களோ அவருடைய பூஜ்யமே சென்சாருக்கும் பூஜ்யம். பாடியில் 0.4 வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் சென்சாருக்கும் கருவிக்கும் இடையே எதுவும் மாறாது. நான்கு வயர் கூடுதலாக ஓட வேண்டும், அவ்வளவுதான் செலவு.

இதில் செய்யக் கூடாத ஒன்று: சென்சார் கிரவுண்ட் பின்னை, இன்னும் பலமாக இருக்கட்டும் என்று பாடியிலும் சேர்த்து மாட்டுவது. அப்படிச் செய்தால் பாடிக்கும் கருவியின் உள்கிரவுண்டுக்கும் நடுவே புதிய பாதை திறக்கிறது. கருவியின் முதன்மை கிரவுண்ட் என்றைக்காவது தளர்ந்தால், இன்ஜெக்டர், இக்னிஷன் மின்னோட்டமெல்லாம் அந்த மெல்லிய சென்சார் வயரையும் சர்க்யூட் போர்டில் உள்ள மெல்லிய தடத்தையும் தேடி வரும். தடம் எரிந்த இசியூவைச் சரிசெய்வது லேசுப்பட்ட வேலை அல்ல.

இரண்டு வயர் ஆக்டிவ்: ரெசிஸ்டரை எந்தப் பக்கம் வைப்பது?

இந்தச் சென்சாரின் இரண்டாவது வயரைக் கிரவுண்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். அது திரும்பும் பாதை மட்டுமே. அதில் பாயும் மின்னோட்டத்தை அளந்தால்தான் சிக்னல் கிடைக்கும். தாழ்பக்க முறையில், 12 வோல்ட் சென்சாருக்குப் போய், திரும்பி வரும் வயர் கருவியின் அருகில் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் இறங்கும். ரெசிஸ்டரின் மேல்முனையில் 0.7 வோல்ட்டும் 1.4 வோல்ட்டும் மாறி மாறி வரும். எல்எம்393 போன்ற ஒரு கம்பேரட்டரில் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு எது மேல் என்று சொல்லும் சிப்) ஒரு வோல்ட்டைச் சற்றுத் தாண்டி எல்லை வைத்து, கொஞ்சம் ஹிஸ்டெரிசிஸ் (ஏறும்போது உள்ள எல்லைக்கும் இறங்கும்போது உள்ள எல்லைக்கும் சிறு இடைவெளி) சேர்த்தால் சுத்தமான சதுர அலை கிடைத்துவிடும். சென்சார் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துவதால் சப்ளை 12 ஆக இருந்தாலும் 14 ஆக இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

அதன் பலவீனம்: திரும்பும் வயர் வீல் ஆர்ச்சில் பாடியைத் தொட்டால் மின்னோட்டம் ரெசிஸ்டரைத் தவிர்த்துவிடும். சென்சார் உயிரோடு இருக்கும், கருவிக்கு மட்டும் சக்கரம் நின்றுவிட்டதாகத் தெரியும். ரெசிஸ்டரில் 0.7 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போனால் வயர் பழுது என்று கருதும்படி கருவியில் அமைக்க முடிந்தால் இந்த ஆபத்து தீரும். நிற்கும் சக்கரத்திலும் 7 மில்லி ஆம்பியர் பாய்ந்தே ஆக வேண்டும் அல்லவா. இதற்குக் கம்பேரட்டர் மட்டும் போதாது, அனலாக் இன்புட் வேண்டும்.

மேல்பக்க முறையில் ரெசிஸ்டர் சப்ளை வயரில் உட்காரும், அதன் இரு முனைகளுக்கும் இடையேயான வேறுபாட்டைப் படிக்க வேண்டும். சர்க்யூட் சிக்கலாகும். தயாராகக் கிடைக்கும் மாற்றித்தரும் பெட்டியை வாங்குகிறவர்கள் அதன் கையேடு சொல்வதைப் பின்பற்றலாம். கையால் செய்கிறவர்களுக்குத் தாழ்பக்கமே போதும். எந்த முறையானாலும் ரெசிஸ்டர் கருவியின் அருகில் இருக்கட்டும், சக்கரத்தின் அருகில் வேண்டாம்.

விஆர் வகைக்குப் பவர் கேள்வியே இல்லை

இரண்டு வயரையும் முறுக்கி, ஷீல்டு உள்ள கேபிளில் கருவி வரை கொண்டுபோங்கள். ஒரு முனையைச் சக்கரத்திலேயே பாடியில் மாட்டிவிட்டு ஒற்றை வயரை மட்டும் கொண்டுவருவது இந்த வகையில்தான் மிகப் பெரிய கெடுதல், ஏனென்றால் குறைந்த வேகத்தில் சிக்னலே சில பத்து மில்லிவோல்ட். மேலே பார்த்த 0.4 வோல்ட் அதை முழுசாக விழுங்கிவிடும். ஷீல்டைக் கருவி முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, சக்கர முனையில் வெட்டி மூடிவிட வேண்டும். இரண்டு முனையும் மாட்டினால் ஷீல்டே பாடி மின்னோட்டத்துக்கு ஒரு பாதையாகிவிடும்.

ஏற்கெனவே உள்ள ஏபிஎஸ் சென்சாரைப் பகிர்வதா?

சாலையில் ஓடும் வண்டியில் இது எனக்குச் சம்மதமில்லை. ஏபிஎஸ் யூனிட் ஒவ்வொரு சென்சார் வயரையும் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு வயர் ஆக்டிவ் லைனில் இன்னொரு ரெசிஸ்டரை நுழைத்தாலோ கிரவுண்டைத் தொட்டாலோ, அது பழுது என்று கருதி எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஏபிஎஸ்ஸை அணைத்துவிடும். விளக்கு எரியாமல் தகவல் மட்டும் கெட்டுப்போனால் அதைவிட மோசம். பிரேக்கோடு சம்பந்தப்பட்ட வயரை லாகருக்காக வெட்டக் கூடாது.

வேகம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால், ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் நான்கு சக்கர வேகமும் கேன் லைனில் (வண்டியின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்கள்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ள இரண்டு வயர் போதும். பவரும் கிரவுண்டும் கருவிக்கு மட்டுமே. கருவியில் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்: லைனின் இரு கோடியிலும் ஏற்கெனவே ஒவ்வொன்று இருக்கிறது, மூன்றாவது வேண்டாம். கேட்கும் முறையில் மட்டும் வையுங்கள், எதையும் அனுப்ப வேண்டாம். என்னைக் கேட்டால், ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு இதுவே முதல் தேர்வு. ஏபிஎஸ் கழற்றப்பட்ட பந்தய வண்டிக்கு, ஹப்பில் இருக்கும் ஆக்டிவ் சென்சார்களையே 100 ஓம் முறையில் பயன்படுத்துவது அடுத்தது. எதுவுமே இல்லாத பழைய வண்டிக்குக் காருக்கென்று செய்த மூன்று வயர் ஹால்.

தொழிற்சாலைகளில் உலோகம் அருகே வருவதை உணரப் பயன்படும் எம்12 அளவு இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சாரையும் சிலர் பொருத்துகிறார்கள். சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுக்கும் என்பிஎன் வகையாக இருந்தால் வயரிங் ஹாலைப் போன்றதே. பிஎன்பி வகை 12 வோல்ட்டை நேராக இன்புட்டுக்குத் தள்ளும், 5 வோல்ட் இன்புட் தாங்காது. அதன் அதிகபட்ச அதிர்வெண்ணையும் பாருங்கள்: 48 பல்லும் 2 மீட்டர் டயர் சுற்றளவும் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் 667 ஹெர்ட்ஸ், 150-இல் 1000 ஹெர்ட்ஸ். இவற்றில் பல அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வீல் ஸ்டட் நான்கைந்தை மட்டும் எண்ணவைத்தால் சமாளிக்கும், ஆனால் குறைந்த வேகத்தில் தகவல் மந்தமாக வரும்.

வயரும் சோதனையும்

மின்னோட்டத்துக்காக அல்ல, உறுதிக்காக 0.5 சதுர மில்லிமீட்டர், மெல்லிய இழைகள் நிறைந்த வயராக எடுங்கள். ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுசாகத் திருப்பி, சஸ்பென்ஷன் முழுசாகத் தொங்கும் நிலையிலும் வயர் இழுபடாத அளவு தளர்வு விடுங்கள். அசையும் பகுதியில் இணைப்போ சால்டரோ கூடாது. சால்டர் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் இழைகள் ஒடியும்.

முடித்த பிறகு, மூன்று வயர் ஹால் என்றால், மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கருவியின் கிரவுண்ட் பின்னிலும், மறுமுனையைச் சென்சார் கனெக்டரின் பின்புறமாக அதன் கிரவுண்ட் வயரிலும் பிடியுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஹெட்லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்புங்கள். கிரவுண்டுக்குச் சொன்ன மூன்றாவது வழியில் வயர் போட்டிருந்தால் எண் சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது, எதைப் போட்டாலும் அசையாது. 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கிரவுண்ட் எங்கோ பாடியைத் தொடுகிறது. கருவியின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சென்சார் கிரவுண்ட் வயருக்கும் பாடிக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். நான்கு வயரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் எந்தச் சக்கரம் என்பது தெரிந்துவிடும்.